ஒரே பேடால் ஒரு நேர்கோட்டுச் சோதனை

வணக்கம் நேயர்களே. ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி, ரேடியோ அலைகளுக்கான பவர் மீட்டரைத் தாமே கட்டும் அமெச்சூர் வானொலி நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் இந்த உரை.

அலையின் திறனை வோல்ட்டாக மாற்றிக் காட்டும் டிடெக்டரான ஏடி 8307 சிப்பை எடுத்துக்கொள்வோம். உள்ளே அலையின் திறன் 1 டெசிபெல் கூடினால், வெளியே சுமார் 25 மில்லிவோல்ட் கூடும். எல்லா மட்டத்திலும் அதே அளவு கூடுகிறதா? பலரும் சோதனை அலையைத் தரும் சிக்னல் ஜெனரேட்டரின் டெசிபெல் எண்ணைப் பத்துப் பத்தாகக் குறைத்து கிராஃப் போடுகிறார்கள். அதில் தெரியும் கோணல் டிடெக்டருடையதா, ஜெனரேட்டருடையதா என்று பிரிக்கவே முடியாது.

அதைவிட நல்ல வழி, ஒரே ஒரு 3 டெசிபெல் பேட், அதாவது அலையின் திறனை எப்போதும் ஒரே அளவு குறைக்கும் சிறு துணைப்பாகம். ஒவ்வொரு மட்டத்திலும் ஜெனரேட்டரைத் தொடாமல், பேடை ஜெனரேட்டருக்கும் சிப்புக்கும் நடுவே சேர்த்து ஒருமுறையும் எடுத்துவிட்டு ஒருமுறையும் சிப்பின் வெளியீட்டு வோல்ட்டைக் குறியுங்கள். வித்தியாசம் சுமார் 75 மில்லிவோல்ட் வரும். பேட் உண்மையில் 3.1 ஆக இருந்தாலும் பரவாயில்லை. எல்லா மட்டத்திலும் ஒரே வித்தியாசம் வந்தால் போதும். ஓரிடத்தில் 75, இன்னோரிடத்தில் 70 என்றால், 0.2 டெசிபெல் பிசகு.

பெரிய பேட் ஏன் கூடாது? சிப்புக்குள் 14.3 டெசிபெல் வீதம் பெருக்கும் ஆறு கட்டங்கள் வரிசையாக உள்ளன. ஒன்று நிறைந்து அடுத்தது பொறுப்பேற்கும் இடங்களில் கோடு லேசாக நெளியும். பேடும் 14 டெசிபெல் என்றால், ஒரு நெளிவின் உச்சியிலிருந்து அடுத்ததன் உச்சிக்கே தாவுவோம். நெளிவு கண்ணில் படாது. தொடக்க மட்டத்தையும் 2 டெசிபெல் படியாகவே நகர்த்துங்கள்.

பேட் சொன்ன அளவு குறைக்க வேண்டுமானால், அதன் இருபுறமும் இணையும் கருவிகளின் மின்தடை 50 ஓமாக இருக்க வேண்டும். சிப்பின் உள்ளீடு சுமார் 1100 ஓம், குறுக்கே 52.3 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் கணக்கு சரியாகும்.

கீழ் மட்டத்தில் வேறொரு தொல்லை. சிப் 500 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். சென்னைக் காற்றில் நிறைந்திருக்கும் பண்பலை ஒலிபரப்புகள் திறந்த போர்டில் அப்படியே ஏறிவிடும். ஜெனரேட்டரை அணைத்துப் பாருங்கள்: வெளியீடு 0.25 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். 0.4 காட்டினால், மைனஸ் 68 டிபிஎம் (1 மில்லிவாட்டைவிட 68 டெசிபெல் குறைவு) அளவுக்கு வெளி அலை புகுந்திருக்கிறது. தகரப் பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சுற்றிலும் பற்றவையுங்கள்.

மின்சாரம் கொடுத்து அரை மணி கழித்துத் தொடங்குங்கள்; சூடு மாறாமல் இருக்க, நடுவில் ஏசியைப் போடவோ அணைக்கவோ வேண்டாம். முடிந்ததும் முதல் அளவைத் திரும்ப எடுங்கள். 2 மில்லிவோல்ட்டுக்கு மேல் நகர்ந்திருந்தால், அந்த வரிசை முழுவதையும் மறுபடி அளக்க வேண்டும்.