மருத்துவராக விரும்புவோர்க்கு வெளி அனுபவம் துணையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம். மருத்துவப் படிப்பில் சேர விரும்பும் மாணவர்க்குப் பாடநூலுக்கு வெளியே பெறும் அனுபவம் துணையா, சுமையா என்பது இன்றைய தலைப்பு. துணையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். நீட் தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். அவற்றில் சேவைக்கென்று ஒரு மதிப்பெண்கூட இல்லை. ஆகவே மருத்துவ முகாமில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் இயற்பியலிடமிருந்து பறித்த நேரம் என்றார். கணக்கு சரிதான். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர் தம் அனுபவங்களில் 15 வரை பட்டியலிடலாம். நம் விண்ணப்பத்தில் அதற்கு இடமே கிடையாது. பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் நேர்காணலும் குழுச் செயல்பாடுகளும் வைத்து மாணவரைத் தேர்ந்தெடுத்த காலம் ஒன்று இருந்தது. நீட் வந்த பிறகும் அம்முறையை விட மனமின்றி 2017இல் அக்கல்லூரி எம்.பி.பி.எஸ். வகுப்பில் ஒரே ஒருவரை மட்டும் சேர்த்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நண்பரின் கணக்கு சேர்க்கை ஆணை கையில் கிடைக்கும் நாளோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவப் பணியும் காத்திருக்கின்றன. தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டப்படி, முதலாண்டு மாணவரே கிராமத்துக் குடும்பங்களைத் தேடிச் சென்று அவர்களுடைய உடல்நலத்தைக் கேட்டறிய வேண்டும். இரண்டாண்டுகள் விடுதியில் அடைபட்டுக் கொள்குறி வினாக்களோடு மட்டுமே உரையாடிய பிள்ளை, அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசும்? நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி பாட்டியிடம் சொல்லவா முடியும்?

அடுத்து, எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அனுபவம் என்பதெல்லாம் சொந்தமாக மருத்துவமனை வைத்திருப்போர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கிடைக்கும். அரூர் மலையடிவாரத்துப் பிள்ளைக்கு யார் கதவைத் திறப்பார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆயினும் என் எண்ணம் நேர்மாறானது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைத் தாத்தா ஏன் பாதியில் நிறுத்துகிறார், எந்த வேளை மாத்திரையைத் தவறவிடுகிறார் என்பது அந்த வீட்டுப் பேரப்பிள்ளைக்குத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் தாயோடு நின்ற பிள்ளை, நோயாளியின் பக்கத்திலிருந்து மருத்துவத்தைப் பார்த்த பிள்ளை. நகரத்துப் பிள்ளை பணம் கட்டினாலும் அந்த இடம் கிடைக்காது. இதுவும் அனுபவந்தான் என்று அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் இருந்தால் போதும்.

நம் மண்ணிலேயே இன்னொன்றும் இருக்கிறது. நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்த மாவட்டங்கள் நம்முடையவை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் தீங்கு. பல்லில் பழுப்புக் கறை ஏறும், மிகுந்துவிட்டால் எலும்பும் மூட்டும் இறுகும். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் ஊரில் எந்தத் தெரு ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கிறது, எந்தத் தெரு இன்னும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கிறது, ஏன் என்று வீடு வீடாகக் கேட்டெழுதி, கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கொடுக்கட்டும். அவள் நோயைக் கண்டறிய வேண்டியதில்லை, கண்டறியவும் கூடாது. நோய் உடலுக்குள் மட்டும் பிறப்பதில்லை, குழாய் வழியாகவும் வருகிறது என்பதை அவள் விலங்கியல் புத்தகம் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லாது. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சித்திலிங்கியில் 1993 முதல் பணியாற்றும் மருத்துவத் தம்பதியர் ரெஜியும் லலிதாவும், மருத்துவக் கல்லூரியையே பார்த்திராத பழங்குடிப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக உருவாக்கினார்கள். அருகில் நின்று கற்க முடியும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

ஒன்றை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். வெள்ளைக் கோட்டு மாட்டி நோயாளியின் கட்டிலருகே புகைப்படம் எடுத்துக்கொள்வதும், ஒரு நாள் முகாமுக்கு ஒரு சான்றிதழ் என்று கோப்பை நிரப்புவதும் அனுபவம் ஆகா. அவை சுமையே, நோயாளிக்கும் சுமை. ஓரிடத்தில், ஒரு செவிலியர் அல்லது ஆசிரியரின் கண்காணிப்பில், ஆண்டு முழுவதும் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், தேர்வுக்கு முந்திய மூன்று மாதங்கள் விடுமுறை என்றால் எந்த இயற்பியலும் குறைந்துவிடாது.

அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி அம்மையாரிடம் ஒரே ஒரு விளக்கம் கேட்கிறேன். இரத்தத்தையும் அழுகையையும் தன்னால் தாங்க முடியாது என்பதை ஒரு பிள்ளை பதினாறு வயதில், வேறு படிப்பைத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்கும்போதே அறிவது நல்லதா, அரசு மருத்துவக் கல்லூரியில் ஓர் இடத்தைப் பிடித்து, இன்னொரு பிள்ளைக்கு அது கிடைக்காமல் போன பின்னர் அறிவது நல்லதா? அதற்கு அவர் விடை சொன்ன பிறகு தாங்கள் தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே. நன்றி.