மடுவத்தில் நிறுத்துக் கொடுத்த கொழுந்து

வணக்கம் நேயர்களே. "கணினிக்குள் கங்காணி வேலை பார்க்கிறவர்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்தினார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. நேரம் பிடிக்கிற வேலையை இணையத்தளம் எப்படிப் பின்னால் தள்ளிவைத்துச் செய்கிறது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயம் சுலபமாகப் புரியும். அம்மா கொழுந்தை மடுவத்தில், அதாவது தராசு இருக்கிற கொட்டகையில், நிறுக்கக் கொடுப்பார், கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார், அம்மா மறுபடி மலைக்கு ஏறிவிடுவார். அந்தக் கொழுந்து ஸ்டோருக்குப் போய் இரவெல்லாம் வாடி, அரைபட்டுத் தூளாகிற வரைக்கும் அவர் தராசு பக்கத்திலேயே நிற்பதில்லை. இணையத்தளமும் அப்படித்தான். நீங்கள் பொத்தானை அழுத்தினால் "பதிந்துகொண்டேன்" என்று உடனே பதில் வர வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை வரிசையில் போய்விடும். அதைப் பின்னால் இருந்து எடுத்துச் செய்கிற நிரலுக்குத்தான் வொர்க்கர் என்று பெயர். ஹெரோக்கு என்கிற கிளவுடில், அதாவது நம் நிரலைத் தங்கள் கணினியில் ஓட்டித் தருகிற சேவையில், தளம் 30 விநாடிக்குள் பதிலைத் தொடங்காவிட்டால் இணைப்பையே அறுத்துவிடுவார்கள். அதனால் மடுவம் இல்லாமல் அங்கே பிழைக்க முடியாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஹட்டன் பக்கம் ஒரு டியூஷன் வகுப்புக்குக் கட்டணத்தை நினைவூட்டும் எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். 300 பெற்றோர். முன்னூறையும் ஒரே வேலையாகக் கட்டி வரிசையில் போட்டேன், அதுதான் நான் செய்த தப்பு. 180ஆவது எண்ணில் ஓர் இலக்கம் குறைவு. அங்கே போனதும் வேலை விழுந்தது. விழுந்த வேலையைத் தானாகவே திரும்ப ஓட்டுவது வொர்க்கரின் குணம். வொர்க்கரை நடத்துகிற சைட்கிக் என்ற மென்பொருளை அதன் போக்கில் விட்டால், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், ஏறக்குறைய மூன்று வாரத்தில் 25 தடவை முயலும். ஒவ்வொரு தடவையும் என் வேலை முதல் ஆளிடமிருந்து தொடங்கியது. நான் பார்த்து நிறுத்துவதற்குள், சில நிமிடத்திலேயே, 179 பேருக்கு ஐந்தைந்து எஸ்எம்எஸ் போய்விட்டது. ஒரு தகப்பன் நேராக வகுப்புக்கே வந்துவிட்டார். "அஞ்சு தடவை கேட்டா அஞ்சு மாசப் பாக்கின்னுதானே அர்த்தம்? நான் போன மாசம்தானே கட்டினேன்!" பட்டியலில் 180க்குப் பின்னால் இருந்தவர்களுக்கோ ஒன்றுகூடப் போகவில்லை. அவர்கள் ரொம்ப சந்தோஷமாக இருந்திருப்பார்கள்.

கணக்கப்பிள்ளை இப்படிச் செய்வாரா? பேர் போடுவதற்கு முன்னால் ஏட்டைப் பார்ப்பார், ஏற்கெனவே எழுதியிருக்கிறதா என்று. நானும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஆளுக்கொரு தனி வேலை. அனுப்புவதற்கு முன் ஏட்டைப் பார், அனுப்பினதும் குறி. அப்போதும் ஒரு மயிரிழை உண்டு. எஸ்எம்எஸ் போய்விட்டது, குறிப்பதற்குள் வொர்க்கர் செத்துவிட்டது என்றால் இரண்டாவது தடவையும் போகும். நினைவூட்டல் இரண்டு தடவை போனால் பரவாயில்லை. பணம் கழிக்கிற வேலையில் அது கூடாது. அங்கே ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு தனி எண் கொடுத்து அனுப்ப வேண்டும். அதே எண் திரும்ப வந்தால், பணத்தைக் கழிக்கிற எதிர்ப்பக்கம் மறுபடி கழிக்காமல் விட்டுவிடும்.

வொர்க்கர் ஏன் சாக வேண்டும் என்று கேட்பீர்கள். கிளவுடில் அது தினசரி நடப்பு. ஹெரோக்குவில் எல்லாவற்றையும் ஏறக்குறைய நாளுக்கு ஒரு தடவை நிறுத்தித் திரும்பக் கிளப்புவார்கள். நீங்கள் புது நிரலை ஏற்றினாலும் அதே கதைதான். முதலில் ஒரு சங்கு ஊதும், அப்புறம் 30 விநாடி. அதற்குள் கையில் இருப்பதை முடிக்க வேண்டும், இல்லையென்றால் வரிசையிலேயே திரும்பப் போட்டுவிட வேண்டும். அந்த 30 விநாடியும் போனால் கழுத்தைத் திருகிவிடுவார்கள். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வேலையைச் சிறிதாக வெட்டுங்கள், ஏட்டைப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். வொர்க்கர் எத்தனை வைப்பது என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியாது. இவ்வளவு மட்டும். வரிசையின் நீளத்தைப் பார்க்காதீர்கள், முதலில் நிற்பது எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று பாருங்கள். ஆளைக் கூட்டினால் தரவுத்தளத்துக்கு இணைப்பும் கூடும், அதற்கு ஓர் உச்ச எண் உண்டு, அதை மறந்துவிட்டு... இப்போது ஒரு விரல்தான். வணக்கம்.