நெய் காய்ச்சியது யார்?

(நாகர்கோவிலில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. பேச்சில் இருந்த வளவளப்பைக் கொஞ்சம் வெட்டிவிட்டு எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பணிவு, ஆசை, கொடூரம் என்று மூன்றையும் ஒரே தலைப்பில் கட்டிக் கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேராகச் சுசீந்திரத்துக்குப் போய்விடுகிறேன்.

அகலிகை மேல் ஆசைப்பட்டுச் சாபம் வாங்கிய இந்திரன் அந்தச் சாபம் நீங்கப் பெற்றது சுசீந்திரத்தில் என்பது தலபுராணம், இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே கோயிலில்தான் திருவிதாங்கூர் ராஜாக்கள் காலத்தில் கைமுக்கு நடந்தது. ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கிற நெய்யில் கையை விட்டு உள்ளே கிடக்கும் சிறு உருவத்தை எடுக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி வைத்து, பிறகு அவிழ்த்துப் பார்ப்பார்கள், வெந்திருந்தால் குற்றவாளி. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில்தான் இதை நிறுத்தினார்கள்.

இதைப் பேசும்போதெல்லாம் கையை விட்டவரைப் பற்றிப் பேசுவோம், உத்தரவு போட்ட ராஜாவைப் பற்றிப் பேசுவோம். எனக்கு உறுத்துவது வேறு ஆட்கள். அடுப்பு மூட்ட ஒருவர் இருந்திருப்பார். நெய்யை அளந்து ஊற்ற ஒருவர். சரியான பதத்துக்குக் கொதிக்கிறதா என்று குனிந்து பார்த்து, இன்னும் ஒரு விறகைத் தள்ளிவிட்டவர் ஒருவர். இவர்கள் யாருக்கும் அந்த மனிதர் மேல் பகை இருந்திருக்க வேண்டியதில்லை. வேலையை ஒழுங்காகச் செய்திருப்பார்கள், அவ்வளவுதான். நெய் சரியாகக் கொதிக்காவிட்டால் அல்லவா அவர்களுக்குக் கெட்ட பெயர்!

இந்த மாதிரி ஆளை ஒரு அறைக்குள் உட்கார வைத்துப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம். யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல், யூதர்களைக் கொல்ல ரயில் ஏற்றிய அதிகாரி ஐக்மன் மேல் ஜெருசலேமில் விசாரணை நடந்த அதே வருஷத்தில், தொடங்கிய சோதனை. ஞாபகசக்தி பற்றிய ஆய்வு என்று விளம்பரம் கொடுத்து ஆட்களை வரவழைத்தார்கள், சம்பளம் நாலரை டாலர். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின்சார அதிர்ச்சி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தப்புக்கும் 15 வோல்ட் கூட்டிக்கொண்டே 450 வரை. உள்ளே இருந்தவர் நடிகர், அதிர்ச்சியும் பொய். ஆனால் விசையைத் தட்டியவருக்கு அது தெரியாது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் பக்கத்தில் நின்று, "சோதனைக்கு நீங்கள் தொடர்வது அவசியம்" என்பார். 1963-இல் வெளியான முதல் கணக்கில் 40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள்.

இந்த 26 என்ற எண்ணை எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதைச் சொல்வது குறைவு. வியர்த்துக் கொட்டியது, நடுங்கினார்கள், திக்கினார்கள். மொத்தம் 40 பேரில் 14 பேருக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்திருக்கிறது, சந்தோஷத்தில் வந்த சிரிப்பல்ல. சாவு வீட்டில் சிலருக்குச் சிரிப்பு வரும், பார்த்திருப்பீர்கள். இன்னொரு விதமாகவும் நடத்திப் பார்த்தார்: விசையை வேறொருவர் தட்டுவார், வந்தவருக்கு அதை ஒட்டிய சில்லறை வேலை மட்டும். அப்போது 40 பேரில் 37 பேர் கடைசி வரை கூடவே இருந்தார்கள். விறகு தள்ளுகிறவர் வேலை கிடைத்துவிட்டால் மனசு லேசாகிவிடுகிறது.

இந்தச் சோதனையை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அதிர்ச்சி பொய்யாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள் என்று ஆவணங்களைத் தோண்டியவர்கள் பிறகு எழுதினார்கள். 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து, இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறே நாளில் நிறுத்தினார்களே, அந்தச் சோதனையிலும் காவலர்களுக்கு முறுக்கேற்றி விட்டிருக்கிறார்கள் என்பது பின்னால் வெளியே வந்தது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. "உங்களுக்கு வேறு வழியே இல்லை, தொடர்ந்தே ஆகவேண்டும்" என்று மில்கிராமின் ஆட்கள் கடைசியாகப் போடும் ஒரு அதட்டல் உண்டு. 2009-இல் வெளியான ஒரு மறுசோதனையில் அதைக் கேட்ட பிறகு ஒருவரும் தொடரவில்லை! அதட்டினால் மனுஷன் முறுக்கிக்கொள்கிறான். "ஆய்வுக்கு உங்கள் உதவி தேவை" என்றால் வளைகிறான்.

அப்படியானால் பணிவு என்று நாம் சொல்வதற்குள்ளேயே ஒரு ஆசை இருக்கிறது. பயம் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நல்ல பிள்ளை என்று பேர் வாங்குகிற ஆசை, பெரிய காரியத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்கிற ஆசை அது. காம ஆசை, பண ஆசையையெல்லாம் மேடை போட்டுத் திட்டுகிறோம், இதை மட்டும் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்து வளர்க்கிறோம்.

நாடகக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். திருவட்டாறு கோயிலில் கதகளி பார்த்தவர்கள் இருப்பீர்கள். கீசகன் கதையை ஆட்டக்கதையாக எழுதியவர் திருவிதாங்கூர் அரண்மனைப் புலவர் இரயிம்மன் தம்பி. மேடையில் நம் கண் எல்லாம் கீசகன் மேல்தான் இருக்கும், வில்லனுக்குரிய அந்தக் கத்தி வேஷமும் மினுக்கும் அப்படி. நான் சொல்வது விராட ராஜாவின் ராணி சுதேஷ்ணையை. கீசகன் அவள் தம்பி. அவன் வீட்டிலிருந்து மது வாங்கி வா என்று, அவன் ஆசைப்பட்ட சைரந்திரியை (பணிப்பெண் வேஷத்தில் இருக்கும் திரௌபதி) அனுப்புகிறவள் அவள்தான். வேறு எத்தனையோ பணிப்பெண்கள் இருக்கிறார்களே என்று சைரந்திரி கெஞ்சுகிறாள். நான் அனுப்பி நீ போகிறாய், அவன் உன்னை ஒன்றும் செய்யமாட்டான் என்று சொல்லி, மூடி போட்ட பொன் பாத்திரத்தை அவள் கையில் கொடுக்கிறாள் ராணி. பாரதத்திலேயே எனக்குக் குலை நடுங்குகிற இடம் இதுதான். கீசகனுக்காவது தன் ஆசை என்னவென்று தெரியும். இவளுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி ஒரு பாத்திரம் வேண்டியிருக்கிறது, அதற்கு மூடியும் வேண்டியிருக்கிறது. பிறகு சபையில் வைத்துச் சைரந்திரியை அவன் உதைக்கும்போது, என் கண் மறைவில் உங்களுக்குள் என்ன தகராறோ எனக்கு எப்படித் தெரியும் என்கிறான் விராட ராஜா. இந்த வசனத்தை நாம் எத்தனை அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம்!

கிரேக்க நாடகம் ஆன்டிகனியில் ஒரு காவலன் வருவான். ராஜா தடுத்தும் சகோதரன் பிணத்தைப் புதைத்த ஆன்டிகனியைப் பிடித்து ராஜா முன்னால் நிறுத்திவிட்டு, தான் தப்பித்தது சந்தோஷம், வேண்டியவளை மாட்டிவிட்டது வருத்தம், ஆனாலும் நம் உயிருக்குப் பின்னால்தான் மற்றதெல்லாம் என்பான். கொஞ்சம் சிரிக்க வைக்கிற பாத்திரம். நாடகத்தை எழுதிய சொபக்கிளிஸ் அவனை அவ்வளவு அருகில் போய்ப் பார்த்திருக்கிறார்.

நம் ஊரில் அந்த அளவுக்கு அருகில் போனது நீலி கதைதான். நீலியை இசக்கியம்மனாகக் கும்பிடுகிற முப்பந்தல் கோயில் பக்கம் போகிறவர்களுக்கு, கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குக் கதையை நான் விரிக்க வேண்டியதில்லை. (வில்லில் பாட்டை நடத்தும் அண்ணாவி ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவாரே, நான் இன்றைக்குப் பேசுவது முழுக்க அவர் வகையறாவைப் பற்றித்தான், அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.) நகைக்கு ஆசைப்பட்டு, தன்னை நம்பி மடியில் தலை வைத்துத் தூங்கினவளைக் கல்லைப் போட்டுக் கொல்கிறான் ஒருவன். மறுபிறப்பில் அவன் செட்டி, அவள் நீலி என்ற பேய். கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊர்ச்சபையில் வந்து நிற்கிறாள். அவன் பேய் பேய் என்று அலறுகிறான். குழந்தை அவனை அப்பா என்கிறது. சபைக்கு அது போதும். அவன் காவலுக்கு வைத்திருந்த கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு, போய்ப் படு என்கிறார்கள். காலையில் பிணம். பழையனூர்ப் பக்கம் சொல்லும் கதையில் அந்தச் சபையார் எழுபது வேளாளர், சொன்ன வாக்குக்காகத் தீயில் இறங்கினார்கள் என்று முடிகிறது.

அந்தச் சபையில் கெட்டவர் ஒருவரும் இல்லை, கவனியுங்கள். ஒரு பெண்ணுக்கும் குழந்தைக்கும் நியாயம் செய்கிறோம் என்ற நிறைவோடுதான் கத்தியை வாங்கியிருக்கிறார்கள். எழுபது பேரில் ஒருவருக்காவது ஒரு சந்தேகம் தட்டியிருக்காதா? தட்டியிருக்கும். மற்ற அறுபத்தொன்பது பேர் முகத்தைப் பார்த்திருப்பார், வாயை மூடியிருப்பார். மில்கிராமிலும் இதற்கு ஒரு கணக்கு உண்டு. கூட உட்கார்ந்த இரண்டு பேர் நடுவிலேயே "மாட்டோம்" என்று எழுந்துவிட்டால், 40 பேரில் நாலு பேர்தான் கடைசி வரை போனார்கள்.

நாடகம் போடுகிற தம்பி தங்கைகள் சிலர் பின்வரிசையில் இருக்கிறீர்கள், உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நீலி போட்டால், அவளுக்குப் பல்லும் தலைவிரி கோலமும் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டாதீர்கள், அது எங்களுக்குப் பழகிவிட்டது. சபைக் காட்சியை நீளமாக வையுங்கள். எழுபது பேர் கிடைக்கமாட்டார்கள், ஏழு பேர் போதும். ஏழாவது ஆளுக்குக் கத்தியை வாங்குகிற வேலையைக் கொடுங்கள், அதை அவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் மேடையில் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.