மடியில் வைத்தால் போதாது

வணக்கம் மக்களே, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். ஆஸ்பத்திரி, துணிக்கடை, கல்யாணம் என்று எதற்கும் நாம் கோயம்புத்தூருக்கோ பாலக்காட்டுக்கோ கார் எடுக்கிறவர்கள். முன் சீட்டில் அம்மாவோ பாட்டியோ, மடியில் குழந்தை. ரோட்டில் இருக்கிற அபராதக் கேமராவுக்காகப் பெரியவர்கள் பெல்ட் போட்டிருப்பார்கள். குழந்தைக்கு ஒன்றுமே இருக்காது.

சட்டம் புதிதில்லை. 14 வயது ஆகாத பிள்ளையை பெல்ட்டோ, குழந்தையைப் பட்டை போட்டு உட்காரவைக்கிற சைல்டு சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவு சொல்கிறது. கேரள-தமிழ்நாட்டு எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே சட்டம்தான். 2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்துத் துறை அதை நடைமுறைக்குக் கொண்டுவரப் பார்த்தது. 4 வயது வரை சைல்டு சீட், அதற்கு மேல் 14 வயது வரை, 135 சென்டிமீட்டர் உயரம் வராத பிள்ளைகளுக்கு உட்காரும் உயரத்தைக் கூட்டுகிற பூஸ்டர் இருக்கை, டிசம்பரிலிருந்து அபராதம் என்றார்கள். உடனேயே அப்போதைய போக்குவரத்து அமைச்சர் கணேஷ் குமார், அபராதம் கிடையாது, விழிப்புணர்வு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்.

அபராதமே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2023 ஜூனில், பெல்ட் போடாதவர்களைத் தானாகக் கண்டுபிடிக்கிற ஏஐ கேமரா அபராதம் தொடங்கிய பிறகுதானே நம்மில் பலர் பெல்ட்டையே தொட்டோம்? சீட் விலை பல ஆயிரம், அது உண்மைதான். வாடகை காரில் போகிற கூலிக்காரர் சீட்டுக்கு எங்கே போவார்? டாக்சி ஸ்டாண்டிலும் பிரசவ ஆஸ்பத்திரியிலும் குறைந்த வாடகைக்குக் கிடைக்க அரசு வழி செய்யட்டும். அப்புறம் ஒரு தேதி குறித்து அபராதமும் போடட்டும்.

"நான் இறுக்கிப் பிடிச்சுக்குவேன்" என்று சொல்கிற அம்மாக்களுக்கு ஒரு கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோ மூட்டையைத் தாங்குகிற பலம் வேண்டும். நம் கைக்கு அது கிடையாது. முன் சீட்டில் ஏர்பேக் வேறு விரியும், முதல் அடி மடியிலிருக்கும் குழந்தைக்குத்தான்.

சரி, பின் சீட்டில் மாட்டியிருக்கிற இந்த சைல்டு சீட்டைப் பாருங்கள். கைக்குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தலை கனம், கழுத்து இன்னும் உறுதிப்படவில்லை. மோதினால் அந்த வேகத்தை சீட்டின் முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். ஏர்பேக் இயங்குகிற முன் சீட்டில் இப்படி ஒருபோதும் மாட்டாதீர்கள்.

ஏழு வயதுப் பிள்ளை சும்மா உட்கார்ந்தால் பெல்ட் கழுத்தில் உரசுகிறது, பார்த்தீர்களா? பலர் அதைக் கையிடுக்குக்குக் கீழே விட்டுவிடுகிறார்கள். அது ஆபத்து. பூஸ்டரில் உட்கார வைத்தால் மேல்பட்டை தோளின் நடுவே போகும், கீழ்ப்பட்டை வயிற்றை விட்டு இடுப்பெலும்போடு படியும்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு: 4 வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு பிணைக்கிற பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது. அதைத் தனி வீடியோவில் காட்டுகிறேன்.

சீட்டை மாட்டியதும், பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் இறுக்கம் போதவில்லை. அவிழ்த்து மறுபடியும் மாட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.