இருபது செல்களின் காவல்

அனைவருக்கும் வணக்கம்.

உருளைப்புழு என்றதும் நம் வீடுகளில் நாக்குப்பூச்சிதான் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்திருப்பது அதன் தூரத்து உறவுக்காரரைப் பற்றி. பெயர் கெனோராப்டிடிஸ் எலிகன்ஸ். நீளம் ஒரு மில்லிமீட்டர். அழுகிய பழத்திலும் மட்கிலும் பாக்டீரியாவைத் தின்று பிழைக்கும். யாருக்கும் கெடுதல் செய்யாது. உடம்பு கண்ணாடி மாதிரி. உயிரோடு நெளியும்போதே அதன் குடலை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம்.

அந்தக் குடலில் மொத்தமே 20 செல்கள். நம் குடலின் உள்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். இந்தப் புழுவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும்போது இருந்த இருபதோடுதான் கடைசிவரை காலம் தள்ள வேண்டும். எதிரியை விழுங்க ஓடிவரும் வெள்ளையணுக்களும் கிடையாது. ஒரு செல்லுக்குள் எதிரி புகுந்துவிட்டால் அந்தச் செல்தான் போராட வேண்டும்.

அப்படிப் புகும் எதிரி ஒன்றைப் பாரிஸ் அருகே மட்கில் கிடைத்த புழுக்களில் கண்டுபிடித்தார்கள். 2008இல் அதற்கு நெமட்டோசிடா பாரிசை என்று பெயர் வைத்தார்கள். பூஞ்சைக்கு உறவான மைக்ரோஸ்போரிடியா என்ற ஒட்டுண்ணிக் கூட்டத்தைச் சேர்ந்தது. பட்டுப்புழு வளர்ப்போரை அழவைக்கும் பெப்ரின் நோய்க்கிருமியும் இதே கூட்டம்தான். இதன் வித்துக்குள் ஒரு மெல்லிய குழாய் சுருண்டு கிடக்கும். குடலுக்குள் போனதும் அந்தக் குழாய் கண் இமைக்கும் நேரத்தில் வெளியே பாயும். கிருமியின் உட்சரக்கு முழுவதும் அதன் வழியாகக் குடல் செல்லுக்குள் இறங்கிவிடும். ஊசி போடுவது போலத்தான். வழக்கமாகக் கருமையான துகள்கள் நிறைந்து தெரியும் குடலில், நோய் முற்ற முற்ற வெளிறிய பள்ளங்கள் தோன்றும். பிறகு அந்த இடமெல்லாம் வித்துகள்.

2011இல் இன்னொரு எதிரியும் வெளிச்சத்துக்கு வந்தது. பாரிஸ் அருகே ஓர்சே என்ற ஊரில் அழுகிய ஆப்பிளில் எடுத்த புழுவில் இருந்த வைரஸ். அதுவும் குடல் செல்லுக்குள்தான் பெருகும்.

ஒன்று பூஞ்சையின் உறவு, மற்றொன்று ஆர்.என்.ஏ.வை மரபுப் பொருளாகக் கொண்ட வைரஸ். ஆனாலும் இரண்டில் எது புகுந்தாலும் புழு ஏறக்குறைய ஒரே மரபணுக் கூட்டத்தைத்தான் எழுப்புகிறது. என்னை அசரவைத்த செய்தி இது. வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்க டி.ஆர்.எச்-1 என்ற புரதம் இருக்கிறது. நம் உடம்பில் வைரஸ் வந்ததும், அதை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைக் கூப்பிடும் ரிக்-ஐ என்ற புரதத்துக்கு அது உறவு. புழுவிடம் இன்டர்ஃபெரான் கிடையாது. ஆனாலும் காவல்காரன் இருக்கிறான்! எழுந்த மரபணுக்களில் சில, யுபிக்விட்டின் என்னும் சிறு புரதத்தை ஒட்டும் வேலையைச் செய்கின்றன. வெட்ட வேண்டிய மரத்துக்கு முன்கூட்டியே குறி போடுவார்கள் அல்லவா, அதைப்போல. குறி விழுந்த புரதங்களைச் செல் சிதைத்து அப்புறப்படுத்தும்.

சரி, இவ்வளவு நல்ல காவலை ஏன் எப்போதும் விழித்திருக்க வைக்கவில்லை? இந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் காது கொடுக்க வேண்டும். பால்ஸ்-22 என்ற மரபணு இந்தக் காவலைத் தூங்கவைத்திருக்கிறது. ஆய்வாளர்கள் அந்த மரபணுவைக் கெடுத்துப் பார்த்தார்கள். புழு நோயைத் தாங்கியது, கடும் வெப்பத்தையும் தாங்கியது. ஆனால் மெதுவாக வளர்ந்தது, ஆயுளும் குறைந்தது. கூடவே பால்ஸ்-25 என்ற மரபணுவையும் கெடுத்தபோது எல்லாம் பழையபடி ஆயிற்று. ஒன்று பிரேக், மற்றொன்று ஆக்ஸிலரேட்டர். வளர்வதா, காப்பதா என்ற கணக்கை அந்தச் சிறு குடல் ஒவ்வொரு நாளும் போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தக் கணக்கு பிள்ளைகள் வரைக்கும் போகிறது. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் இதைக் காட்டினார்கள். மைக்ரோஸ்போரிடியா தாக்கிய தாய்ப் புழுவின் பிள்ளைகள், அந்தக் கிருமியைத் தாங்கும் வலிமையோடு முட்டையிலிருந்து வருகின்றன. அந்த ஒரு தலைமுறைக்கு மட்டும்தான். பேரப்பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்வதில்லை.