பாக்கெட்டின் கூட்டல் கணக்கு

(ஒரு பொறியியல் கல்லூரியின் கணினித் துறை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, என்னை அன்போடு அழைத்த கணினித் துறைத் தலைவர் அவர்களே, எனக்கு நெட்வொர்க் பாடம் சொல்லித்தந்து, இன்று முன்வரிசையில் அமர்ந்து என் உரையைக் கேட்க வந்திருக்கும் என் பேராசிரியர் அவர்களே, ஆய்வுக்கூடத்துக் கருவிகளைக் கண்ணும் கருத்துமாகப் பேணிவரும் ஆய்வக உதவியாளர் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். வழக்கமாக இந்த வரிசையில் ஆய்வக உதவியாளர்களின் பெயர் விடுபட்டுவிடும். அவர்களுக்கு நான் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். இணையமும் ஓர் ஆறுதான். அதில் நாம் இடும் ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது ஒவ்வொரு தரவுத் துண்டையும், அளந்து, வழியில் பிழை நேர்ந்ததா என்று பெறுபவர் சரிபார்க்க அதனோடு ஓர் எண்ணையும் சேர்த்து இடுகிற முறைக்குச் செக்சம் என்று பெயர்; அந்த எண்ணுக்கும் அதே பெயர். அதைக் கூட்டும் முறை, வழியில் பாக்கெட்டைக் கைமாற்றி அனுப்பும் ரவுட்டர் கருவிகள் அதைத் திருத்தும் முறை, அதை நாமே எழுதிப் பார்க்க வேண்டிய காரணம் ஆகிய மூன்றைப் பற்றியும் பேச எண்ணியிருக்கிறேன்.

முதலில் கூட்டல். பாக்கெட்டின் பைட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, 16 பிட் எண்களாக எண்ணிக் கூட்ட வேண்டும். ஒற்றை பைட் மிஞ்சினால் அதன் பின்னே ஒரு சுழி இருப்பதாகக் கொள்ள வேண்டும். 40,000-உம் 30,000-உம் சேர்ந்தால் 70,000; அது 16 பிட்டில் அடங்காது. 65,536 போக எஞ்சுவது 4,464. கையில் நிற்கும் 1-ஐ எறிந்துவிடாமல் அதனோடு சேர்த்தால் 4,465. அதை 65,535-லிருந்து கழித்துக் கிடைக்கும் 61,070-தான் செக்சம். பெறுபவர் இந்த மூன்று எண்களையும் அதே முறையில் கூட்டினால் 65,535, அதாவது பதினாறு பிட்டும் ஒன்றாக, வந்து நிற்க வேண்டும்.

என் தாத்தா நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். பேரேட்டின் பக்கத்தைக் கூட்டி முடித்ததும், ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளி, எஞ்சியதை வைத்துக் கூட்டல் சரிதானா என்று பார்ப்பார். ஓரிரவு பெட்டியில் இருந்த பணத்துக்கும் பேரேட்டுக்கும் 27 ரூபாய் இடித்தது. ஒன்பதைத் தள்ளிப் பார்த்தால் கணக்கு சரியென்றே காட்டியது. அரிக்கேன் விளக்கை நான் பிடித்திருக்க, அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பாட்டி இருமுறை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பிறகு, “27 ஒன்பதால் வகுபடுகிறதே, அப்படியானால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது” என்றார். 52 என்பதை யாரோ 25 என்று படியெடுத்திருந்தார்கள். எப்படி எழுதினாலும் ஐந்தும் இரண்டும் ஏழுதானே! அன்றும் அவர் சொன்னது அந்தப் பழமொழியைத்தான்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

பல்லாண்டுகள் கழித்து, பிரேடன், போர்மன், பார்ட்ரிட்ஜ் ஆகிய மூவர் 1988-இல் எழுதிய, செக்சம் கணக்கிடும் முறையைச் சொல்லும் இணைய ஆவணமான ஆர்.எஃப்.சி. 1071-ஐப் படித்தபோது, தாத்தாவின் பேரேடு என் கண்முன் நின்றது. பத்துக்கு ஒன்று குறைந்தது 9. பதினாறு பிட்டின் 65,536-க்கு ஒன்று குறைந்தது 65,535. கணக்கு ஒன்றே. ஆகவே குறையும் ஒன்றே: பாக்கெட்டுக்குள் இரண்டு 16 பிட் எண்கள் இடம் மாறினால் செக்சம் அதைக் காணாது.

இதை நிரலாக எழுதும்போதுதான் உண்மையான பாடம் கிடைக்கிறது. சி மொழியில் 32 பிட் மாறியில் கூட்டிக்கொண்டே போகலாம். இணைய நெறிமுறையான ஐ.பி. அனுமதிக்கும் மிகப் பெரிய பாக்கெட்டுக்கும் அது வழியாது. முடிவில் மேல் பாதியைக் கீழ்ப் பாதியோடு சேர்க்க வேண்டும். அதிலும் கையில் 1 நிற்கக்கூடும் என்பதால் இன்னொரு முறை சேர்க்க வேண்டும். எக்ஸ்86 செயலியின் அசெம்பிளி மொழியில், கையில் நிற்கும் அந்த 1-ஐ, அதாவது கேரியையும், சேர்த்துக் கூட்டும் கட்டளை உண்டு. நான் பயிற்றுவித்த மாணவி ஒருவர், சுற்றின் எண்ணிக்கையைக் குறைக்கச் சாதாரணக் கழித்தல் கட்டளையை இட்டிருந்தார். அது கேரியை அழித்துவிட்டது. பல பாக்கெட்டுகளுக்கு விடை சரி, சிலவற்றுக்கு மட்டும் குறைவு. கேரியைத் தொடாத ‘டெக்’ கட்டளையை அவர் தாமே தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாள் கற்பித்ததை எந்த நூலும் கற்பிக்காது.

ரவுட்டர்களைப் பொறுத்தவரை, பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்று சொல்லும் டி.டி.எல். எண் ஒன்று குறையும்போது, பாக்கெட்டின் முன்னே முகவரிகளைத் தாங்கிவரும் தலைப்பின் செக்சத்தை முழுவதும் கூட்டாமலே திருத்தும் வழி ஆர்.எஃப்.சி. 1624-இல் இருக்கிறது, நேரம் கருதி அதைப் படிக்கச் சொல்லி நிறுத்துகிறேன்.

இன்று நெட்வொர்க் அட்டையே செக்சம் கணக்கைச் செய்துவிடுகிறதே, நாம் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கிறார்கள். ஸ்டோனும் பார்ட்ரிட்ஜும் 2000-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: 1,100 முதல் 32,000 வரையிலான பாக்கெட்டுகளில் ஒன்று, தரவு சரியாகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் டி.சி.பி. நெறிமுறையின் செக்சத்தில் தவறியது, இணைப்புகளில் சி.ஆர்.சி. என்ற வேறொரு பிழைச் சோதனையின் காவல் இருந்தும் அப்படி. பிழை கம்பியில் மட்டும் நேர்வதில்லை. ரவுட்டரின் நினைவகத்திலும் கணினியின் மென்பொருளிலும் நேர்கிறது. அளப்பதை இன்னொருவரிடம் விட்டவருக்கு அது தெரியவராது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதில், அளக்கிற கை நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதும் அடக்கம்.

ஆகவே முதல்வர் ஐயா அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாம் ஆண்டு நெட்வொர்க் ஆய்வகத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாணவரும் ஓர் ஐ.பி. தலைப்பின் 20 பைட்டுகளைத் தாளில் கூட்டி, பிறகு சி-யிலும் அசெம்பிளியிலும் எழுதி, மூன்று விடைகளையும் ஒப்பிட்டு, விளக்கத்தைத் தமிழிலேயே பதிவேட்டில் எழுதட்டும். அந்தப் பதிவேடுகளைத் திருத்தித் தர நானே வருகிறேன்.