குருத்தோலையிலிருந்து கலக்கரு: உடையாமல் எடுக்கும் கைவேலை

[காட்சி: வேலியோரம் இரண்டு பனை வடலிகள்]

இதில் எது ஆண், எது பெண்? 12, 15 வருசம் போய்ப் பாளை தள்ளினால்தான் தெரியும். ஒரே தோற்றத்தில் நிற்கிற இந்த இரண்டுக்குள்ளும் எந்தக் கலத்தில் எந்தப் பரம்பரையலகு வேலை செய்கிறது? அதைக் கலம் கலமாக வாசிக்க முதலில் கலத்தின் கருவை உடையாமல் வெளியே எடுக்கவேணும். இன்றைக்கு அந்த ஒரு படியை மட்டும் பார்ப்போம்.

முழுக் கலத்தையே எடுத்தால் என்ன? இரத்தக் கலங்கள் தனித்தனியாக மிதப்பவை, எடுப்பது சுகம். தாவரக் கலங்களோ சுவரும் சுவருமாக ஒட்டிக் கிடக்கின்றன. நொதியம் விட்டுச் சுவரைக் கரைக்கலாம், ஆனால் மணிக்கணக்காகும். அதற்குள் கலம் காயம்பட்டதுபோலப் பதறி, வேறு பரம்பரையலகுகளை இயக்கத் தொடங்கிவிடும். பிறகு நாங்கள் வாசிப்பது அந்தப் பதற்றத்தைத்தான். கருவை எடுப்பது சில நிமிட வேலை. உறையவைத்த இழையத்திலிருந்தும் எடுக்கலாம்.

[காட்சி: ஐஸ் மேல் கண்ணாடித் தட்டு, சவர அலகு]

முற்றின ஓலை வேண்டாம், நார் அதிகம். குருத்தோலையை எடுங்கள். குளிர்ந்த கரைசலில் வைத்து, புது அலகால் பொடிப்பொடியாக அரியுங்கள். நசுக்கக்கூடாது. 1983இல் டேவிட் கால்பிரெய்த் குழுவினர் காட்டிய முறை இது. இன்றைக்கும் இதற்கு மேலான கைவேலையை நான் காணவில்லை.

வாழைப்பொத்தி அரிந்தால் ஏன் உடனே உப்புத் தண்ணிக்குள் போடுகிறோம்? கறுக்காமல் இருக்க. ஓலையிலும் அதே மாதிரிப் பொருட்கள் காற்றுப் பட்டதும் கறுத்து, நாங்கள் வாசிக்கப்போகிற ஆர்.என்.ஏ.யை, அதாவது வேலை செய்கிற பரம்பரையலகின் பிரதியை, கெடுக்கும். அதைத் தடுக்கத்தான், அந்தப் பொருட்களைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி.யைக் கரைசலில் சேர்க்கிறோம். நான் முதன்முதல் செய்தபோது ஐஸ் உருகினதைக் கவனிக்கவில்லை. கரைசல் பிளேன்ரீ நிறத்துக்கு வந்துவிட்டது. முழுவதையும் ஊற்றிவிட்டு, புது ஐஸோடு திரும்பத் தொடங்கினேன்.

கரைசலில் ட்ரைட்டன் என்ற சவர்க்காரம் போன்ற பொருளும் சொற்பம் இருக்கும். கலத்தின் மென்சவ்வையும் பச்சையவுருமணியையும் உடைப்பது அதுதான். கூடிப்போனால் கருவும் ஒழுகும்.

அடுத்தது வடிப்பு. அரிதட்டில் மா அரிப்பதுபோல, 40 மைக்ரோமீற்றர் கண்ணுள்ள வலையில் வடித்தால் நார் மேலே நின்றுவிடும். தப்பின பச்சையவுருமணிகள் கருவோடு சேர்ந்தே கீழே இறங்கும், ஏனென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. பிறகு மையநீக்கியில் மெதுவாகச் சுழற்றி, அடியில் படிகிற கருக்களை எடுக்கிறோம்.

[காட்சி: நுணுக்குக்காட்டியின் வழியே]

டி.என்.ஏ.யில் ஒட்டி ஒளிரும் டாப்பி சாயம் இட்டு ஊதா ஒளியில் பாருங்கள். நீலமாக, விளிம்பு ஒழுங்காக மின்னுவது கரு. சிவப்பாக ஒளிர்வது மிஞ்சின பச்சையம். நீலம் கலைந்து நூல்நூலாகத் தெரிந்தால் கரு உடைந்துவிட்டது. அந்த மாதிரியை அடுத்த படிக்கான கருவிக்கு ஏற்றாதீர்கள்.

கருவுக்குள் இருப்பது கலத்தின் ஆர்.என்.ஏ.யில் ஒரு பங்குதான். ஒவ்வொரு கருவிலிருந்தும் கிடைப்பது குறைவு என்பதால் ஆயிரக்கணக்கில் வேணும். எண்ணி முடிந்ததும் ஐஸிலேயே வைத்து, ஒவ்வொரு கருவையும் தனித்தனித் துளிக்குள் அடைக்கும் அந்தக் கருவிக்கு நேரே கொண்டுபோங்கள்.